நான் வெள்ளையடித்த வானம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆறாம் வகுப்புக்கும் போனேன், அந்த வகுப்புக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போவது பிரபஞ்சத்தைப் பற்றிய சமாச்சாரம். படித்தவர்கள் யாராவது இதில் தப்பு கண்டுபிடித்தால் என் ஆறாம் வகுப்பு வாத்தியாரைப் போய்க் கேட்கட்டும்.

சொந்த ஊர் கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன். அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஆறே மாதத்தில் முதுகு ராஜினாமா கொடுத்தது. முதுகு இல்லாமல் நான் மட்டும் வேலைக்குப் போக முடியாது என்பதால் நானும் நின்றுவிட்டேன். அந்தச் சமயத்தில் அண்ணனுக்குக் கல்யாணமாகி, வீட்டில் நான் படுக்கும் இடத்துக்கு ஒரு பீரோ வந்தது. பீரோவோடு போய்ச் சண்டை போட முடியுமா? 2004-ல் சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். முதலாளிக்குப் புவனகிரியில் வேறு கடை. வாரத்துக்கு ஒரு நாள் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவார். கடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. அதில் நானும் பேப்பர் கட்டுகளும் குடியிருந்தோம். நல்ல இடம் பேப்பருக்கு.

ஜெராக்ஸ் எடுப்பது, பைண்டிங் போடுவது, தீசிஸ் அட்டையில் தங்க எழுத்து பதிப்பது, இவைதான் வேலை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும். அதுவும் இடவலம் மாறித்தான் தெரியும். பதிக்கிற அச்செழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும் இல்லையா, அப்படியே பழகிவிட்டது. நேராக எழுதிக் கொடுத்தால்தான் எனக்குத் தடுமாறும்.

கடைக்கு வரும் பிள்ளைகளை நான் சிரிக்கவைத்துக்கொண்டே இருப்பேன். "மாமா, சீக்கிரம்" என்பார்கள். "உன் பரிட்சைக்கு நானா படிக்கல, என்னை ஏன் வெரட்டுற" என்பேன். அவ்வளவு பேருக்கும் என்னைத் தெரியும். ஆனால் இந்த வியாபாரத்தில் ஒரு கஷ்டம் உண்டு. நமக்குக் கிடைக்கிற சிநேகிதர்கள் எல்லாரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒவ்வொரு மே மாதமும் எனக்கு ஊரே காலியாகும். ஜூலையில் புதுப் பிள்ளைகள் வருவார்கள், பழைய ஜோக்குகளையே திரும்பச் சொல்லலாம், அதுதான் ஒரே லாபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச ஆளில்லாமல் என் முகத்தையே மிஷின் கண்ணாடியில் வைத்து ஒரு காப்பி எடுத்துப் பார்த்தேன். பாதி முகம்தான் வந்தது. மிச்சப் பாதியை மிஷினே வேண்டாம் என்றுவிட்டது.

அவன் முதலில் வந்தது 2008 கடைசியில். பண்ருட்டிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வாத்தியார் வேலை. சனிக்கிழமைகளில் சிதம்பரம் வந்து, ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடைப் பார்த்துவிட்டுப் போகிற பகுதிநேர ஸ்காலர். என் வயதுதான் இருக்கும். கைடு எப்போதும் இரண்டு மணி நேரம் காக்கவைப்பார், அந்த இரண்டு மணி நேரத்தை அவன் என் கடை ஸ்டூலில் கழித்தான். கொஞ்ச நாள் நான் "சார்" என்றேன். ஒரு நாள் அவனுக்கும் கடலூர் ஓ.டி.தான் என்று தெரிந்தது. ஹார்பர் போகிற வழியில் வீடு, சர்ச்சுக்குப் பின்னால். அதற்கப்புறம் அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மாமா.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். மரியாதைக்குக் கேட்டதுதான். அவனிடம் யாரும் மரியாதைக்குக்கூடக் கேட்டதில்லை போல, உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"ஒரு வூடு பூட்டிக் கெடக்குது மாமா. ஜன்னல்லாம் சாத்தியிருக்கு. வெளிய கரண்டு மீட்டரு மட்டும் கிர்ருனு சுத்துது. என்னா அர்த்தம்?"

"பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு உள்ள படுத்திருக்கான்னு அர்த்தம்."

"அவ்ளோதான். உள்ள ஆளு இருக்கான், கண்ணுக்குத் தெரியல."

வானத்தில் நட்சத்திரக் கூட்டங்கள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிகிற எடை பற்றாதாம். தெரியாத எடை நிறைய இருக்கிறது. அதற்குக் கரும்பொருள் என்று பெயர். அது என்ன துகள் என்று ஆளுக்கொரு கொள்கை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வகைக் கொள்கைப்படி, அந்தத் துகள் இரண்டு ஒன்றையொன்று முட்டினால் இரண்டுமே அழிந்து காமா கதிராகிவிடும். காமா கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால் அமெரிக்காக்காரன் அந்த வருடம்தான் அதைப் பிடிக்க ஒரு பெட்டியை மேலே அனுப்பியிருந்தான். பெட்டி பிடிப்பதையெல்லாம் கொஞ்ச நாளில் இன்டர்நெட்டில் சும்மா போட்டுவிடுவானாம், உலகத்தில் எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். "ஓ.டி.காரன் கூடவா?" என்று கேட்டேன். ஓ.டி.காரன் கூடத்தான் என்றான்.

எங்கே பார்ப்பாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. வானத்தில் நம் நட்சத்திரக் கூட்டத்தின் நடு இடம், பஸ் ஸ்டாண்டு மாதிரி. அங்கே கரும்பொருள் ஜாஸ்தி, ஆனால் சத்தமும் ஜாஸ்தி. எதெதிலிருந்தோ காமா கதிர் வரும். அதில் போய் ஒருத்தன் முனகுவதைக் கேட்க முடியாது. அதனால் ஆளில்லாத தெருவாகப் பார்த்துப் போகவேண்டும். நம் கூட்டத்தைச் சுற்றிச் சில குட்டிக் கூட்டங்கள் உண்டு. நட்சத்திரம் கொஞ்சம்தான், புகை தூசி எதுவும் கிடையாது, ஆனால் கரும்பொருள் நிறைய. அங்கிருந்து ஒரு முனகல் கேட்டால் அது அவன்தான், அந்தக் கரும்பொருள். கேட்கவில்லை என்றால், இவ்வளவு சத்தமாக முனகுவான் என்று சொன்ன கொள்கைகள் எல்லாம் தப்பு. அப்படி ஒரு குட்டிக் கூட்டத்தைத்தான் இவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

சிதம்பரத்தில் இதை யாரிடம் சொன்னாலும் உடனே கோயில் ரகசியத்தைச் சொல்லி, திரைக்குப் பின்னால் ஒன்றுமில்லை, அதுதானே சார் உங்க ஆராய்ச்சியும் என்பார்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அதற்காகவே என்னிடம் வந்தான் என்று நினைக்கிறேன். உண்மையில் எனக்கு அப்போது அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அப்படி மூன்றரை வருடம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் சட்டை மாற்றிக்கொள்வேன். ஸ்டூலைத் துடைத்து வைப்பேன். அவன் கம்ப்யூட்டரைத் திறந்து மஞ்சளும் ஊதாவுமாக ஒரு படத்தைக் காட்டுவான், நடுவில் ஒரு வட்டம் இருக்கும், அதுதான் குட்டிக் கூட்டம் இருக்கிற இடம், "ஒண்ணும் வரல மாமா" என்பான். "வராதவனுக்காக இப்படிக் காத்துக் கெடக்கியே, ஒரு பொண்ணுக்காகக் கெடந்திருந்தா இந்நேரம் ரெண்டு புள்ள" என்பேன். புயல் அடித்து கடலூரில் நாள் கணக்கில் கரண்டு இல்லாதபோது, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து ஒரு வாரம் என் கடையிலேயே வேலை பார்த்தான். கரண்டு எங்கள் தெருவுக்குச் சீக்கிரம் வந்துவிட்டிருந்தது. ஊரே சீரழிந்து கிடந்த அந்த வாரத்தில் நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். இதை வெளியில் சொன்னால் அடிப்பார்கள்.

2012-ல் அவன் முடித்துவிட்டான். குட்டிக் கூட்டத்திலிருந்து ஒன்றும் வரவில்லை, இன்ன எடைக்குக் கீழே உள்ள துகள் என்று சொன்ன கொள்கைகளுக்கு இடமில்லை, அதுதான் முடிவு. ஜெர்மனியில் ஓர் இடத்தில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, அந்த மாதக் கடைசிக்குள் தீசிஸ் கொடுத்திருக்க வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். பல்கலைக்கழகத்திலும் அவனுக்குக் கொடுத்திருந்த கடைசி நாள் அதே வாரத்தில்தான் இருந்தது.

ஒரிஜினல் ஒன்று, காப்பி நாலு, மொத்தம் ஐந்து புத்தகம் கேட்டான். வேறு எவனும் தொடக்கூடாது, நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வருடம் கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரிஜினல் தாள்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் பெரிய சதுரம், நடுவில் வட்டம், சதுரம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. அவன் பிரிண்ட் எடுத்த கடைக்காரனை மனதாரத் திட்டினேன். மைப்பொடியைத் தாளில் ஒட்டுகிற டிரம் கெட்டுப்போன மிஷினில் எடுத்தால் இப்படித்தான் பொடிப்பொடியாக அழுக்கு விழும். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. சந்தேகம் வந்தால் முதலில் ஒரு வெற்றுத்தாளை மிஷினில் ஓட்டிப் பார்ப்போம். அதில் விழுகிற புள்ளி மிஷினுடைய அழுக்கு. இங்கேயோ தாள் வேறு கடையில் எடுத்தது, அந்த மிஷினில் போய் வெற்றுத்தாள் ஓட்ட எனக்கு வழியில்லை. போன் போட்டு அவனையாவது கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

வொயிட்னர் பாட்டிலை எடுத்து, தீக்குச்சி முனையில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு புள்ளியாக அழித்தேன். வட்டத்துக் கோடு மேல் ஒரு சொட்டுப் படாமல் செய்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. இப்படி ஒரு சுத்தமான வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. போகிறவனுக்கு என்னால் கொடுக்க முடிந்தது அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கரண்டு வந்ததும் நாலு காப்பி எடுத்து, தைத்து, நீல ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்தைப் பதித்தேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் வந்தான். அட்டையைத் தடவிப் பார்த்தான், பக்க எண்ணிக்கையைச் சரிபார்த்தான், உள்ளே புரட்டவில்லை. அம்மாவிடம் ஒருமுறை காட்டிவிட்டு நாளைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்றான். டீ வாங்கினோம். அவன் அன்றைக்கு நிறையப் பேசினான். கலர் காப்பி செலவு ஜாஸ்தி என்று வானத்துப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டானாம்.

"கலர்ல பார்த்தத விட இதான் மாமா அழகா இருக்கு. ஒரு காமா கதிருக்கு ஒரு புள்ளி. சிலது கோடிக்கணக்கான வருஷம் வந்து அந்தப் பெட்டியில வுழுந்திருக்கு. ஒவ்வொண்ணா வச்சிருக்கேன்."

டீ கிளாஸ் என் கையில் இருந்தது. குடிக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தீசிஸைத் திருத்துகிற யாரோ ஒரு பரிசோதகர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார். சுற்றிலும் புள்ளி இருந்தால்தானே, வட்டத்துக்குள் அதைவிட ஜாஸ்தி இல்லை என்று சொல்ல முடியும்? மொத்த வானத்திலும் ஒன்றுமே இல்லை என்றால் பெட்டியே வேலை செய்யவில்லை என்றல்லவா ஆகும். திருப்பி அனுப்பிவிடுவார். ஜெர்மனி போய்விடும். இவன் சனிக்கிழமை சனிக்கிழமையாக இன்னும் ஒரு வருடம் வருவான். ஒரு வருடத்துக்கு ஐம்பத்திரண்டு சனிக்கிழமை. அந்தக் கணக்கு மட்டும் எனக்கு உடனே வந்தது.

புத்தகப் பார்சலை நானே பஸ் வரை தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலை பிளேடு, பசை, ஸ்கேல் மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் கடலூர் போனேன். வழியெல்லாம் என்ன ஜோக் சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். ஒன்றும் அமையவில்லை. எட்டு வருடமாகப் பிழைப்பு நடத்திய வாய் ஆலப்பாக்கம் தாண்டும்போது அடைத்துக்கொண்டது.

அவன் வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. அவனுடைய அம்மா கதவைத் திறந்தார். ஏசு படத்துக்குக் கீழே ஐந்து புத்தகமும் அடுக்கியிருந்தது, ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே திரும்பி, "யாருப்பா இது?" என்று கேட்டார்.

"ஜெராக்ஸ் கடைக்காரரும்மா. சிதம்பரத்துல."

பொய்யில்லை. நான் ஜெராக்ஸ் கடைக்காரன்தான். மூன்றரை வருடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை அந்த வீட்டுக்குள் வரவில்லை என்பது அப்போது தெரிந்தது. அவனுக்கு நான் கைடுக்காகக் காத்திருக்கிற இரண்டு மணி நேரம். நான் அவனுக்காகச் சட்டை மாற்றினேன் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? நானும் சொன்னதில்லை. "சார், ஒரு பக்கம் பார்க்கணும்" என்றேன். சார் என்று வந்ததை நானே கவனிக்கவில்லை, அவன்தான் நிமிர்ந்து பார்த்தான்.

அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். வெள்ளை வெளேரென்று ஒரு சதுரம், நடுவில் அழகான வட்டம். நடந்ததைச் சொன்னேன். அவன் விரலால் ஒரிஜினலைத் தடவினான், வொயிட்னர் மேடு மேடாக இருந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பயத்தில் நான் உளற ஆரம்பித்தேன்.

"நானே பேனாவுல வச்சுடறேன். எவ்ளோ வேணும்னு மட்டும் சொல்லு."

"எவ்ளோ வேணும்னு நானே சொல்றதா இருந்தா மொத வருஷமே நடுவுல நாலு புள்ளி ஜாஸ்தியா வச்சிருப்பேனே மாமா. கரும்பொருளக் கண்டுபுடிச்சவன்னு பேராயிருக்கும். வைக்காம இருந்ததுக்குத்தான் இத்தன வருஷம் ஆச்சு."

பிறகு கேட்டான். "இது நேத்தே தெரியுமா உனக்கு?"

"டீ குடிக்கும்போது தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சரி பண்ணிட்டுப் போயிடுவ."

அவன் பென் டிரைவைத் தேட உள்ளே போய்விட்டான்.

ஓ.டி.யில் கரண்டு இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெனரேட்டர் ஓடுகிற ஒரு கடையைப் பிடித்தோம். முதல் பிரிண்ட் வந்ததும் அவன் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். ஓரத்தில் இருந்த சில புள்ளிகள் அவனுடையதா, மிஷினுடையதா என்று அவனுக்கே தெரியவில்லை. கடைக்காரனிடம் நான் சொன்னேன், முதலில் ஒரு வெற்றுத்தாள் ஓட்டச் சொல்லி. ஓட்டினான். தாளில் மூன்று புள்ளி விழுந்தது. டிரம்மைத் துடைக்கவைத்து மறுபடி ஓட்டினேன், ஒன்று. இன்னொரு தடவை துடைத்தபின் தாள் சுத்தமாக வந்தது.

"இப்ப எடு. இனிமே வுழறதெல்லாம் உன்னுது" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். குட்டிக் கூட்டம் இல்லாத வெறும் வானத்தை முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு கூட்டத்தைப் பார்ப்பதுதான் தன் நாலு அத்தியாயமும் என்றான். அதைச் சொல்லி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தான், சிரிப்பு போய்விட்டது.

அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வேலையை முடித்தேன். கெட்டுப்போன தாளைத் தையல் ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு பிளேடால் வெட்டி எடுத்து, அந்த விளிம்பில் பசை தடவிப் புதுத் தாளை ஒட்ட வேண்டும். ஐந்து தடவை செய்தேன். அவனுடைய அம்மா இட்லி வைத்துவிட்டு, சாப்பிடுங்க தம்பி என்றார். சிதம்பரம் வரை பஸ்ஸில் மடியில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தோம், அவன் மடியில் மூன்று, என் மடியில் இரண்டு. பசை காய வேண்டுமே என்று இருவரும் பேசவில்லை. பசை காய்வதற்கும் பேச்சுக்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும். ஆபீஸ் மூட முக்கால் மணி இருக்கும்போது கொடுத்துவிட்டான்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அவனுக்கு வேலை இல்லை. இரண்டு தடவை போன் செய்தான், விசா பற்றி.

வைவா, அதாவது தீசிஸைப் பற்றி நேரில் கேள்வி கேட்கிற தேர்வு, அந்த வருடக் கடைசியில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று போனில் சொல்லியிருந்தான். நான் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். அவன் கோட்டு போட்டிருந்தான், இங்கிலீஷில் பேசினான். திரையில் அந்தப் படம் வந்தபோது மட்டும் எனக்குப் புரிந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பரிசோதகர் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒட்டிய விளிம்பை விரலால் நிமிண்டி ஏதோ கேட்டார். அவன் நீளமாக ஏதோ சொன்னான். சொல்லும்போது கடைசி வரிசையைக் கையால் காட்டினான். ஹால் முழுக்கச் சிரித்தது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பரிசோதகரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன், எழுந்து ஒரு கும்பிடு கூடப் போட்டேன், அதற்கும் சிரித்தார்கள்.

என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. என் முட்டாள்தனத்தைச் சொல்லியிருக்கலாம், முதல் பஸ் பிடித்து வந்ததைச் சொல்லியிருக்கலாம், கடைக்காரர் என்று சொன்னானா வேறு ஏதாவது சொன்னானா என்பதும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கேட்டிருந்தால் தமிழில் சொல்லியிருப்பாள். முடிந்ததும் அவனைச் சுற்றி ஒரே கூட்டம், அம்மா அழுதுகொண்டிருந்தார், தட்டில் லட்டும் மிக்சரும் கொடுத்தார்கள். கூட்டத்துக்கு மேலாக அவன் கையைத் தூக்கிக் காட்டினான், இரு என்கிற மாதிரி. ஒரு லட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இரண்டு மணிக்குக் கரண்டு வரும், கடையில் ஸ்பைரல் பைண்டிங் இருபது கிடந்தது.